கோப்புக்குப் போன வசவு

கடலுக்கு அடியில் கோபத்தைக் குரலில் காட்ட முடியாது. அங்கே நாங்கள் சுவாசிக்கிற காற்றில் பெரும்பங்கு ஹீலியம். எவ்வளவு ஆத்திரமாகக் கத்தினாலும் வாத்து கத்துவது மாதிரிதான் வெளியே வரும். திட்டு வாங்குகிறவர் சிரித்துவிட்டால் திட்டி என்ன பயன்?

அதனால் கம்பெனி எங்கள் கழுத்தில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டிருந்தது. தொண்டைத் தசை அசைவதை வைத்து நாங்கள் சொல்ல வருவதை அது எழுத்தாக மாற்றும். அந்த எழுத்து கேபிள் வழியாக மேலே நிற்கும் கப்பலுக்குப் போய், கட்டுப்பாட்டு அறைத் திரையில் வரிவரியாக ஓடும். குமரிக்குத் தெற்கே ஆழ்கடல் தரையில் கிடக்கிற உலோக உருண்டைகளைப் பொறுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும் இன்னாசி அண்ணனும். நாங்கள் தங்கிய இரும்பு அறைக்குக் கீழ்த்தளம் என்று பெயர். இரண்டு பேர் காலை நீட்டிப் படுத்தால் நிறைந்துவிடும்.

மேலே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஆதிலிங்கம். என் அக்கா பூங்கோதையின் புருஷன்.

அக்கா முந்தின ஐப்பசியில் செத்துப்போனாள். ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் அவள் கிடந்த நாளெல்லாம் நான் கப்பலுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தேன். கடல் சரியில்லை, படகு கிடைத்ததும் வருகிறேன் என்று பதில் வந்தது. அந்த வாரம் சாமான் படகு இரண்டு தடவை கரைக்கு வந்துபோனது. இரண்டிலும் அவர் இல்லை. கொள்ளி வைத்தது எங்கள் பெரியப்பா மகன். காரியத்துக்கும் அவர் வரவில்லை. அடுத்த முறை நான் வேலைக்குத் திரும்பிக் கப்பலில் அவரைப் பார்த்தபோது, செத்தவள் வீட்டு வாசலை மிதிக்காத ஆளோடு எனக்குப் பேச்சில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவரும் வேலையை விடவில்லை, நானும் விடவில்லை. குடும்பச் சண்டையைப் பற்றி விசாரிக்கிற வழக்கம் கம்பெனிக்குக் கிடையாது.

பேச்சில்லை என்றாலும் அளவுகளைச் சொல்லியாக வேண்டும். விதிப்படி ஆங்கிலக் குறியீட்டில் சொல்வேன். கடைசியில் தமிழில் ஒரு வரி சேர்ப்பேன். அழுத்தம் சரி, வெப்பம் சரி, மேலே இருப்பவருக்கு வெட்கம் இருப்பதாகக் கருவி காட்டவில்லை. இப்படி வேளைக்கு ஒன்று. இன்னாசி அண்ணன் வேண்டாம் என்று கையைக் காட்டுவார். நான் கேட்கவில்லை. இப்போதும் அதற்காக வருத்தப்படவில்லை.

அவர் கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து பார்வையாளர் வரப்போகிறார் என்றதும், திரையில் இதெல்லாம் ஓடினால் மானம் போகுமே என்று, கீழ்த்தளத்து வரிகளைத் திரைக்குப் பதிலாக ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டார். ஓர் அம்புக்குறியும் கோப்பின் பெயரும் தட்டினால் வேலை முடிந்தது. பார்வையாளர் வந்து போனபிறகும் அவர் அதை மாற்றவில்லை. எங்கள் சுவரில் பச்சையாக எரிந்த விளக்கு மஞ்சளாக மாறியது. பச்சை என்றால் திரை, மஞ்சள் என்றால் கோப்பு. எதிரில் வருகிறவரைக் கண்டு தெருவின் அந்தப் பக்கம் போவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. நானும் விட்டுவிட்டேன். படிக்க ஆளில்லாமல் எதற்குத் திட்ட வேண்டும்? அளவுகளை மட்டும் முணுமுணுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு நாள் காலை, ஷிப்ட் தொடங்கிச் சிறிது நேரத்தில், காற்றைச் சுத்தம் செய்கிற இயந்திரம் நின்றது. நாங்கள் விடுகிற மூச்சிலிருந்து கரியமில வாயுவை எடுத்துவிடுவது அதுதான். மாற்று மோட்டாரில் உப்புநீர் புகுந்திருந்தது. இன்னாசி அண்ணன் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். எங்களைத் தூக்கும் வின்ச் கப்பலில் இருக்கிறது. கீழே இருந்து இயக்க முடியாது. அபாய அறிவிப்புக்குத் தனி வழியும் இல்லை. கேபிள் செலவு மிச்சம் என்று அதையும் எங்கள் வரிகளோடு சேர்த்து ஒரே புரோகிராம் வழியாக அனுப்ப ஏற்பாடு செய்திருந்தார்கள்.

காற்று கெட்டுவிட்டது, தூக்குங்கள் என்று நான் சொன்னேன். அண்ணன் சொன்னார். மறுபடி சொன்னோம். வின்ச் சுற்றினால் அறையின் கூரை அதிரும். கூரை அதிரவில்லை.

“மேல யாரும் இல்லியா தங்கச்சி?” என்றார் அண்ணன்.

“இருக்காரு. நாம சொன்னது அவருகிட்டப் போகல.”

“மஞ்சள்னா ஃபைலுக்குப் போவுதுன்னுதான? ஃபைலத் தொறந்து பார்த்தாத் தெரிஞ்சிருமே.”

“தொறந்தா காலியா இருக்கும்ணே. திரைன்னா ஆளு பார்க்காருன்னு அந்த புரோகிராமுக்குத் தெரியும். வரி முடிஞ்சதும் காட்டிரும். ஃபைலுன்னா அவசரம் இல்லன்னு எடுத்துக்கிடும். வந்ததையெல்லாம் கையிலேயே சேர்த்து வச்சுக்கிடும். அறுபதாயிரத்துச் சொச்சம் இடம் நெறைஞ்சாத்தான் மொத்தமா ஃபைல்ல கொட்டும். பஃபருன்னு சொல்லுவாங்க.”

“ஷேர் ஆட்டோக்காரன் மாதிரில்லா இருக்கு. ஆளு நெறையாம எடுக்க மாட்டான்.”

“அதேதான்.”

“மாத்த முடியாதா?”

“திருப்பிவிடும்போதே ஒரு வார்த்தை சேர்த்துப் போட்டா வரிக்கு வரி எழுதும். அவருதான் போடணும். போடல.”

கீழே இறங்குவதற்கு முன்னால் அந்தக் கட்டுப்பாட்டு அறையில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியவள் நான். கோப்பு காலியாகக் கிடப்பது அங்கே யாருக்கும் அதிசயம் இல்லை. இன்னும் நிறையவில்லை என்று நினைத்து டீ குடிக்கப் போய்விடுவோம். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

நிறைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஷிப்டுக்கு ஷிப்ட் புரோகிராமும் கோப்பும் புதிதாகத் தொடங்கும். அன்று காலையிலிருந்து நாங்கள் சொன்னது நாலைந்து வரி ஆங்கிலக் குறியீடு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு அந்த இயந்திரம் ஓர் இடம்தான் கொடுக்கும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று இடம் பிடிக்கும், கொம்பும் காலும் போட்டால் ஆறு. ஆகவே தமிழில் பேச வேண்டும். அதுவும் புதிது புதிதாகப் பேச வேண்டும். ஒரே வரியைத் திரும்பச் சொன்னால் இயந்திரம் எழுதாது, எத்தனை தடவை என்று ஓர் எண்ணை மட்டும் கூட்டிவைக்கும்.

அண்ணன் சட்டைக்குள் கைவிட்டு ஜெபமாலையை எடுத்தார். அவர் வாயிலிருந்து தடையில்லாமல் வரக்கூடியது அது ஒன்றுதான். நான் தலையை ஆட்டினேன். ஒரே ஜெபத்தை ஐம்பது தடவை சொன்னால் மாதா கேட்பாள், மெஷின் கேட்காது என்றேன். அவர் மாலையை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பேச்சு அவருக்கு வராது. அவர் கல்யாணத்தில் பூசைக்கு நடுவே சாமியார் சம்மதமா என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்ததாம்.

பேசுவதற்கு மூச்சு வேண்டும். அங்கே குறைந்துகொண்டிருந்ததே மூச்சுதான். எங்களிடம் அவசர முகமூடி ஒன்று இருந்தது, பாதி தீர்ந்தது. இரண்டு பேரும் மாற்றி மாற்றி இழுத்தால் சும்மா உட்கார்ந்து காத்திருக்கலாம். அண்ணன் அதை எடுத்து என் மடியில் வைத்தார்.

“நீதான் பேசணும். நீ வச்சுக்க. சும்மா கெடக்கிறவனுக்கு எதுக்கு?”

நான் மறுத்தேன். அவர் சுவரோரம் போய்ச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு மேல் சண்டை போட்டால் மூச்சுதான் வீணாகும்.

என்ன பேசுவது? அபாயத்தைப் பற்றி எத்தனை விதமாகச் சொல்ல முடியும்? பத்து வாக்கியத்தில் அது தீர்ந்துவிட்டது. தலை இடித்தது. சொற்கள் பிடி கொடுக்காமல் நழுவின. அப்போதுதான் எனக்குள்ளே எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. அந்த ஆளைத் திட்டுவதற்கு நான் யோசிக்கவே வேண்டாம்.

பெண் பார்க்க வந்த அன்று காப்பியில் ஆடை கிடக்கிறது என்று முகத்தைச் சுளித்ததிலிருந்து ஆரம்பித்தேன். அக்கா அன்றைக்குத் தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். கல்யாணமாகி முதல் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, மின்விசிறி சத்தம் போடுகிறது என்று மறுநாளே கிளம்பியது. போனில் அக்கா ஒரு விஷயத்தைச் சொல்லும்போது ம், ம் என்று கேட்டுவிட்டு, அவள் சொல்ல வந்த இடத்துக்கு வரும்போது அப்புறம் பேசுதேன் என்று வைத்துவிடுவது. அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த அப்புறம் எப்போ வந்துச்சு, சொல்லுங்க என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் கடைசியில் ஒரு வசவு. வெளங்காமப் போகட்டும். நாக்கு அழுகிப் போகட்டும். பாதியில் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது. நான் கவனித்து மாற்றவில்லை.

முகமூடியை இழுப்பேன், நாலு வாக்கியம் திட்டுவேன், மறுபடி இழுப்பேன். நடுவில் அண்ணன் கண்ணைத் திறக்காமலே, “எம்மா, இம்புட்டையும் எங்க வச்சிருந்த?” என்றார். கீழே இருந்தவரை அவர் குரல் கேட்டது அதுதான் கடைசி. பிறகு அவர் மார்பு வேகமாக ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பெயரையும் வசவில் சேர்த்துக்கொண்டேன். இந்த மனுஷன் செத்தார் என்றால் நீதான் கொன்றாய், என் அக்காவையும் நீதான் கொன்றாய் என்றேன். கிருமியைக் கொலைகாரன் என்று சொன்னால் யாருக்கு உறைக்கும்?

கடைசியில் திட்டும் தீர்ந்தது. அப்படித் தீரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கூரை இன்னும் அதிரவில்லை. சொல்லாதது ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதை அவரிடம் சொல்லவே கூடாது என்று வைத்திருந்தேன். வேறு எதுவும் வாயில் வராததால் அதைச் சொன்னேன். அக்கா கடைசியாக உங்களைப் பற்றி ஒன்று சொன்னாள் என்று தொடங்கி, அவள் சொன்னதைச் சொல்லி முடித்தேன். முகமூடியில் இழுக்க அநேகமாக ஒன்றும் மிச்சம் இல்லை. அதை அண்ணன் முகத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன். எவ்வளவு நேரமோ, பிறகு கூரை அதிர்ந்தது.

கப்பலுக்கு வந்தாலும் உடனே வெளியே விட மாட்டார்கள். ஆழத்து அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்வரை ஓர் அறையில் அடைத்து வைப்பார்கள். அதன் கதவில் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி. இரண்டாம் நாள் அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆதிலிங்கம் வந்து நின்றார். நன்றி எதிர்பார்த்து வந்தாரோ, மன்னிப்புக் கேட்க வந்தாரோ தெரியவில்லை. ஒரு தாளைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். ‘பூங்கோதை என்ன சொன்னாள்?’ என்று எழுதியிருந்தது.

எனக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தானே தூக்கினார்? நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

விசாரணையில்தான் புரிந்தது. நிறைந்ததும் கோப்பில் மொத்தமாகக் கொட்டியிருக்கிறது. அவர் திறந்தபோது கண்ணில் பட்டது அதன் கடைசி வரிதான். ‘அக்கா கடைசியா உங்களைப் பத்தி ஒண்ணு சொன்னா. அது என்னன்னா’ என்பதோடு இடம் முடிந்திருந்தது. அடுத்த எழுத்து பாதியில் வெட்டுப்பட்டு வெறும் கட்டமாகத் தெரிந்ததாம். மிச்சம் அந்த புரோகிராமின் கையில், அடுத்த லோடுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவருக்கு அடுத்த வரி வேண்டும். உடனே வேண்டும். புரோகிராமை அடித்து நிறுத்திவிட்டு, திரையில் தெரியும்படி புதிதாகத் தொடங்கினார். நிறுத்தியதும் அது கையில் வைத்திருந்ததை எழுதாமலே போய்விட்டது. புதிதாகத் தொடங்கிய திரையில் முதலில் வந்தது, கீழ்த்தளத்துக் கருவி தானாக அனுப்பிக்கொண்டே இருந்த அபாய அறிவிப்பு. அதைப் பார்த்துத்தான் வின்சைப் போட்டிருக்கிறார்.

அப்படி நிறுத்தினால் கையிருப்பு போகும் என்று உங்களுக்குத் தெரியாதா என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்றார். பிறகு ஏன் செய்தீர்கள் என்றதற்கு, அந்த நேரத்தில் தோன்றவில்லை என்றார். அதிகாரி நான் திட்டியதை ஒரு வரி விடாமல், மளிகைச் சீட்டு படிக்கிற குரலில் படித்தார். கம்பெனி வக்கீல் பதிவு பத்திரமாக இருக்கிறது என்று திருப்திப்பட்டார். தகவல் கிடைத்த உடனே நடவடிக்கை எடுக்கப்பட்டது, யார் மீதும் தவறில்லை என்று முடித்தார்கள். கெட்ட காற்றில் அவ்வளவு நேரம் கிடந்ததில் இன்னாசி அண்ணனின் வலது கை இன்றைக்கும் முழுதாக மடங்குவதில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தகவல் ஏன் அவ்வளவு நேரம் கிடைக்கவில்லை என்று அந்த அறையில் கேட்ட ஒரே ஆள் நான். அது தொழில்நுட்ப விஷயம் என்றார்கள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆதிலிங்கம் என் வீட்டுக்கு வந்தார். இளைத்திருந்தார். உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை. அவரே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“இன்னாசிகிட்டக் கேட்டேன். மயக்கமா இருந்தேன்னு சொல்லிட்டாரு,” என்றார்.

அண்ணன் மயக்கத்தில் இல்லை. எல்லாம் காதில் விழுந்தது, ஆனால் அதைச் சொல்வது தன் வேலை இல்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

“வரிக்கு வரி எழுதுற மாதிரி போட்டிருக்கலாம். போட்டா நீ சொல்லுற ஒவ்வொண்ணையும் படிச்சிருவேன். எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல சந்தனம்.”

“அக்கா ஆஸ்பத்திரியில கெடந்தப்பவும் தெம்பு இல்லியா?”

“இல்ல,” என்றார். “ரெண்டு தடவையும் படகு போறதைப் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன். அவ அப்படிக் கெடக்கிறதைப் பார்க்க முடியாதுன்னு நின்னுட்டேன்.”

கடல் சரியில்லை என்று பழைய பொய்யையே சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இதைக் கேட்டதும் ஆத்திரம் இன்னும் கூடியது. கரையில் ஹீலியம் இல்லை. என் சொந்தக் குரலில், அடிவயிற்றிலிருந்து, கடலுக்கு அடியில் விட்டுப்போனதையெல்லாம் சேர்த்துக் கேட்டேன். பயந்தவனுக்குப் பெண்டாட்டி எதற்கு என்றேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். நான் ஓய்ந்ததும் அவர் கேட்டார்.

“அவ என்ன சொன்னா?”

நான் அடுக்களைக்குள் போனேன். தட்டைக் கழுவி, சோறு போட்டு, சாளைமீன் குழம்பை ஊற்றிக்கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

“கையைக் கழுவிட்டு வாங்க.”

“நான் சாப்பிட வரல.”

“தெரியும். உக்காருங்க.”

பகையாகிவிட்ட வீட்டில் எங்கள் பக்கத்து ஆட்கள் கை நனைக்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சாப்பிட்டால்தான் சொல்லுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். வேகமாகச் சாப்பிட்டார். சோறு தீர்ந்ததும் கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டேன். அதையும் சாப்பிட்டார்.

கை கழுவிவிட்டு வாசலில் நின்று, “சொல்ல மாட்டே, அப்படித்தான?” என்றார்.

“போயிட்டு வாங்க,” என்றேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார். என்னைப் போல் கல்நெஞ்சுக்காரி உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் போயிருப்பார். நினைக்கட்டும். எனக்கு அவர்மேல் இருக்கிற வெறுப்பு ஒரு பிடிகூடக் குறையவில்லை.

ஆஸ்பத்திரியில், மூக்கிலிருந்த குழாயை எடுத்த கொஞ்ச நேரத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “அத்தான் எப்பவாவது வருவாரு. நீ சும்மா விடமாட்டன்னு எனக்குத் தெரியும். வேணுங்கிற மட்டும் சண்டை போட்டுக்க. ஆனா சாப்பிடாம மட்டும் அனுப்பிராத, சந்தனம்.”

அவள் சொன்ன இரண்டையும் செய்துவிட்டேன்.